பளபளப்புக்கு அடியில்



மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் மரத்தால் ஈட்டித் துப்பாக்கி செய்து, அதற்கு வார்னிஷ் பூசுவதைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். இதை எழுதுவதற்கு நாம் ஓராண்டுக்கும் மேலாகத் தயங்கினோம். பொருள் புதிது என்பதால் அல்ல. நம்முடைய தவறு ஒன்று இதில் அடங்கியிருக்கிறது என்பதால்தான்.

நம் பூர்வீகம் கீழக்கரை. பாட்டனார் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். தந்தையார் வள்ளங்களைச் செப்பனிடும் தச்சர். பள்ளி விடுமுறை நாட்களில் வள்ளத்தின் பலகைகளுக்கு மீன் எண்ணெய் பூசும் வேலையை நம்மிடம் விடுவார்கள். அந்த வாடை நம் சட்டையை விட்டு நீங்க ஒரு வாரம் ஆகும். பின்னர் மத்ரஸாவில் ஓதி, இஸ்லாமியக் கல்வியில் டிப்ளமோ பெற்று, 2009இல் குடும்பத்துடன் சிட்னிக்கு வந்து சேர்ந்தோம். வார நாட்களில் அலமாரிகள் செய்யும் தச்சுப்பட்டறையில் வேலை. சனி, ஞாயிறுகளில் மத்ரஸாவில் பாடம்.

இங்கு வந்த பிறகே ஈட்டித் துப்பாக்கியைப் பார்த்தோம். பெயரில் துப்பாக்கி என்று இருந்தாலும் அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. நீண்ட கட்டை ஒன்றின் மேல் எஃகுக் கம்பி ஈட்டி கிடக்கும். தடித்த ரப்பர் பட்டைகளை இழுத்து அந்த ஈட்டியின் காடியில் மாட்டுவார்கள். விசையை அழுத்தினால் பட்டை சுருங்கி ஈட்டியைச் செலுத்தும். மூச்சடக்கி நீருக்குள் இறங்கி, எந்த மீன், எவ்வளவு பெரிது என்று கண்ணால் பார்த்த பிறகே எய்ய வேண்டும். வலையைப் போல் அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வராது.

இதற்குச் சட்டங்களும் உண்டு. நாம் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மீன்பிடிக் கட்டணம் செலுத்த வேண்டும். முதுகில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் பிடிக்கக் கூடாது. மாநிலத்தின் அடையாளமான நீலக் குரோப்பர் மீனைத் தொடவே கூடாது. மாலத்தீவில் ஈட்டித் துப்பாக்கிக்கு அனுமதியே இல்லை. ஆகையால் அவரவர் வாழும் இடத்தின் சட்டத்தை அறிந்தே இதில் இறங்க வேண்டும். உண்ணும் தேவையின்றி உயிரைக் குறிபார்த்துப் பழகுவது மார்க்கத்திலும் தடுக்கப்பட்டதே. அல்மாயிதா அத்தியாயத்தின் 94ஆவது வசனம் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் வேட்டையைப் பற்றிப் பேசுகிறது. இஹ்ராம் நிலையில் இருப்போருக்கான சோதனை அது. மறைவிலும் அல்லாஹ்வுக்கு அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காகவே அச்சோதனை என்று அவ்வசனம் காரணமும் கூறுகிறது. பலமுறை ஓதிக் கொடுத்த வசனம்தான். அது நம்மையே நோக்கித் திரும்பும் என்று அப்போது எண்ணவில்லை.

கடைகளில் விற்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் அலுமினியக் குழாயால் ஆனவை. மரத்தால் செய்தது கனமாக இருப்பதால் எய்யும்போது பின்னுதைப்பு குறையும், சத்தமும் குறைவு. நாம் எடுத்துக்கொண்டது தேக்கு. ஒரே கட்டையில் செய்தால் நாளடைவில் வளைந்துவிடும். ஆதலால் மெல்லிய பலகைகளை, ரேகைகள் எதிரெதிராக அமையும்படி அடுக்கி, எபாக்ஸிப் பிசினால் ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி வைக்க வேண்டும். ஒட்டுவதற்குச் சற்று முன்பாகத் தேக்கின் மேற்பரப்பை அசிட்டோனால் துடைப்பது கட்டாயம். தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. அது பிசினையும் வார்னிஷையும் பிடிக்க விடாது.

கட்டை தயாரான பின் மேலே ஈட்டிக்கு நேர்க்கோட்டில் ஒரு காடியும், பின்புறம் விசைப்பொறி அமர்வதற்கு ஒரு பள்ளமும் வெட்ட வேண்டும். அதன் பிறகு வருவதுதான் பூச்சு. கடல்நீரும் வெயிலும் மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உள்ளே புகுந்து ஊற வைக்கும். மற்றது மேலே இருந்து வெடிக்க வைக்கும். இரண்டையும் ஒரே பொருளால் தடுக்க முடியாது. எபாக்ஸி நீரைத் தடுக்கும், ஆனால் வெயிலில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். படகுகளுக்கான வார்னிஷ் வெயிலைத் தாங்கும். மரம் விரிந்து சுருங்கும்போது தானும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். எனவே அடியில் எபாக்ஸி, அதன் மேல் வார்னிஷ் என்பதே நிலைக்கும் முறை.

எபாக்ஸி பூசுவதற்கு முன் 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல்கள் அத்தனையும் பளபளப்பு ஏறிய பிறகு கண்ணில் குத்தும். கூர்மையான விளிம்புகளை வட்டமாக்க வேண்டும். கூரிய விளிம்பில் பூச்சு மெலிந்து நிற்கும், முதலில் உடைவதும் அங்கேதான். பலகையின் முனைகள் குழாய்களின் வாயைப் போன்றவை. அவை மற்ற இடங்களை விட அதிகமாகப் பிசினைக் குடிக்கும். போதும் போதும் என்னும் வரை கொடுக்க வேண்டும்.

எப்போது பூசுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும்; பூச்சு முழுவதும் குமிழிகள் எழும்பும். மாலையில், மரம் குளிரத் தொடங்கும் நேரத்தில் பூசினால் காற்று உள்ளே சுருங்கும். பிசினையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரமே நமக்கு வசதியாக அமைந்தது. எபாக்ஸி காய்ந்த பின் சில வேளைகளில் மேலே மெழுகு போன்ற ஒரு பிசுபிசுப்பு படியும். அதை நீர் ஊற்றி, நார் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அப்பிசுபிசுப்பு உள்ளேயே அப்பிக்கொள்ளும்; அதன் மேல் பூசிய வார்னிஷ் ஆறே மாதத்தில் தோல் உரிவதைப் போல உரியும். நம் முதல் முயற்சி அவ்வாறே வீணாயிற்று.

இங்கே உளூவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மரத்துக்குள் நீர் புகாமல் தடுக்கும் அதே படலம் நம் தோலிலும் நீர் படாமல் தடுக்கும். உளூவின் உறுப்பில் நீர் சேர்வதைத் தடுக்கும் பொருள் ஒட்டியிருந்தால், அதை நீக்காத வரை ஷாஃபி மத்ஹபின்படி உளூ நிறைவேறாது. ஓரிரவு இஷாத் தொழுகை முடித்து ஸலாம் கொடுத்த பிறகுதான் இடது கை நகத்தருகே காய்ந்திருந்த ஒரு துளியைக் கண்டோம். பிளேடால் சுரண்டி எடுத்து, மீண்டும் உளூச் செய்து, மீண்டும் தொழுதோம். அன்று முதல் ரப்பர் கையுறை இன்றி எபாக்ஸி டப்பாவைத் திறப்பதில்லை. தோலுக்கு ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருள் என்பதால் உடல்நலத்துக்கும் அதுவே நல்லது.

இனி அந்தத் தவறுக்கு வருவோம்.

ஹிஜ்ரி 1445 ஷஃபான் மாதம், அதாவது 2024 பிப்ரவரி இறுதியில், மத்ரஸாவின் செலவுகளுக்காக ஒரு விற்பனை நாள் ஏற்பாடாயிற்று. பெண்கள் உணவு வகைகள் செய்து தருவதாகக் கூறினர். நம்மிடம், "ஹஸரத், நீங்கள் மரத்தில் ஏதாவது செய்து கொடுங்கள், ஏலம் விடலாம்" என்றார்கள். நாம் ஓர் ஈட்டித் துப்பாக்கி செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம்.

விசைப்பொறிக்கான பள்ளத்தை உளியால் வெட்டிக்கொண்டிருந்தபோது, இரு பலகைகள் சேரும் கோட்டில் மயிரிழை போன்ற ஓர் இடைவெளி தெரிந்தது. மெல்லிய பிளேடு ஒன்றைச் செருகிப் பார்த்தோம். நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே சென்றது. காரணம் உடனே விளங்கியது. கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தோம். அங்கிருந்த பிசின் முழுவதும் பிதுங்கி வெளியேறி, மரத்தோடு மரம் வறட்சியாக நின்றுவிட்டது.

விற்பனை நாளுக்கு 12 நாட்களே இருந்தன. கட்டையைக் கழித்துப் போட்டுப் புதிதாகத் தொடங்க நேரமில்லை. நாம் தேக்குத் தூளை எபாக்ஸியில் குழைத்து அந்த இடைவெளியில் அப்பினோம். காய்ந்த பின் தேய்த்தோம். இரண்டு பூச்சு எபாக்ஸி, ஏழு பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 320ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்து, தூசி எழாமல் இருக்கத் தரையில் நீர் தெளித்து, மூச்சையும் மெல்ல விட்டுப் பூசினோம். முடிந்தபோது கூடத்து விளக்கு கட்டையில் முழுதாகத் தெரிந்தது. இடைவெளி இருந்த இடத்தை நமக்கே தேட வேண்டியிருந்தது. இது தாங்கும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மையில் தாங்கியிருக்கவும் கூடும். ஆனால் அது நமக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

விற்பனை நாளில் அதைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை. லெபனான் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட சகோதரர் ஒருவர் 640 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். "மாஷா அல்லாஹ், கண்ணாடி போல இருக்கிறது, ஷைக்" என்று நம் தோளைத் தட்டினார். நாம் சிரித்தோம், வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரிய மாணவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் பாடம். தானியக் குவியல் ஹதீஸ் அன்றைய பகுதியில் இருந்தது. கடைவீதியில் ஒரு குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட, விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. இருபது ஆண்டுகளாக நாம் நடத்திவரும் பாடம் அது. அன்று ஒரு மாணவன் கேட்டான்: "உஸ்தாத், அந்த வியாபாரி வேண்டுமென்றே மறைத்தாரா? மழைதானே பெய்தது?" அவன் நல்ல நோக்கத்தோடுதான் கேட்டான். மழை பெய்தது அவர் குற்றமன்று, நனைந்ததை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம் என்று விளக்கினோம். சொல்லி முடிக்கும்போது நம் குரல் நமக்கே அந்நியமாகக் கேட்டது.

அன்றிரவு துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "பட்டையை இழுத்து மாட்டும்போது அந்த இடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்கள். ஒரு பட்டைக்குச் சுமார் 40 கிலோ, இரண்டு பட்டைகள் என்றோம். "அவ்வளவும் அவர் முகத்துக்கு எதிரேதானே இருக்கும்?" என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் மத்ரஸா நிர்வாகத்தில் உள்ள ஒரு பெரியவரிடம் சென்றோம். அவர் நல்லவர், நம் மீது அன்புள்ளவர். "ஹஸரத், அவர் தர்மமாக எண்ணித்தானே அந்த விலை கொடுத்தார்? பணமும் கூரை வேலைக்குப் போய்விட்டது. எதற்கு இதைக் கிளறுகிறீர்கள்? உங்கள் பெயரும் அல்லவா கெடும்?" என்றார். நம் உள்ளமும் அதே வாதங்களை முந்தைய இரவு நமக்கு எடுத்து வைத்திருந்தது. ஆனால் விற்ற பொருளில் குறை இருந்து, அதை விற்றவர் மறைத்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறை இருப்பதே தெரியாதவர் அந்த உரிமையை எவ்வாறு பயன்படுத்துவார்? கூரைக்குப் போன தொகையை நம் சம்பளத்திலிருந்து தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தோம்.

அஸருக்குப் பின் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றோம். துப்பாக்கி கூடத்தில் இரண்டு ஆணிகளின் மேல் கிடந்தது. அதை மகனுக்காக வாங்கியதாகவும், பையனுக்குப் பதினேழு வயது நிறைந்ததும் கர்னெல் பாறைகளுக்கு அழைத்துச் செல்ல இருப்பதாகவும் கூறினார். பையனும் அங்கேயே நின்றான். அவன் முன்னிலையில் சொல்லத்தான் நமக்கு நாவு எழவில்லை. தேநீர் வந்தது; ஆறியது. இறுதியில் விரலால் இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னோம்.

அவர் எழுந்து துப்பாக்கியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எனக்கு எதுவும் தெரியவில்லையே" என்றார். "தெரியக் கூடாது என்றுதான் செய்தோம்" என்றோம். அவர் முகம் மாறியது. கோபப்படவில்லை, ஆனால் அந்தத் தோளைத் தட்டும் சிரிப்பு அன்று திரும்பவில்லை. பணத்தை நீட்டினோம். வாங்க மறுத்து, "பணம் மத்ரஸாவுக்கே இருக்கட்டும். எனக்கு இன்னொன்று செய்து கொடுங்கள். ஒட்டும் நாளில் என் மகன் உங்களோடு இருப்பான்" என்றார்.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வந்து, வெப்பக்காற்றில் வார்னிஷை இளக்கிச் சுரண்டி எடுத்தோம். விசைப்பொறியைக் கழற்றிவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் மர ஆப்பு ஒன்றை வைத்து இலேசாகத் தட்டினோம். மூன்றாவது தட்டில் காய்ந்த விறகு பிளக்கும் ஓசையோடு இணைப்பு திறந்தது. நாம் நினைத்தது நான்கு சென்டிமீட்டர்; உள்ளே பிசினே படாத வறட்டு மரம் 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருந்தது. நாம் அப்பிய தூளும் எபாக்ஸியும் வாயிலில் மட்டும் ஒரு மூடியாக நின்றிருந்தன. நெடுநேரம் அந்தக் கட்டையைக் கையில் வைத்தபடி பட்டறைத் தரையிலேயே அமர்ந்திருந்தோம்.

இரண்டாவது துப்பாக்கியை ரமளானுக்குப் பின் தொடங்கினோம். பையன் வந்தான். கிளாம்பை எவ்வளவு இறுக்குவது என்பதை அவனிடமே விட்டோம். விளிம்பு நெடுகப் பிசின் சிறு மணிகளாக எட்டிப்பார்க்கும் வரை இறுக்கி, அதோடு நிறுத்த வேண்டும். குளிர்காலம் என்பதால் எபாக்ஸி இறுகத் தாமதமாயிற்று. இம்முறை அவசரமில்லை, காத்திருந்தோம். விசைப்பொறியின் பள்ளத்துக்கும், பட்டைகள் செல்லும் துளைகளுக்கும், திருகுகள் இறங்கும் ஓட்டைகளுக்கும் முதலில் பூசினோம். துளைகளைத் தேவைக்கும் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் அதன் நடுவில் உரிய அளவில் மீண்டும் துளையிட்டோம். இவ்வாறு செய்தால் திருகின் வழியே நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பளபளப்பான படலம் கெடுவது பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையின் வழியே ஈரம் புகுந்து, மரம் கறுத்து, அதன் பிறகே மேலே வெளுத்து உரிகிறது.

வார்னிஷ் இம்முறையும் ஏழு பூச்சுதான். முதல் பூச்சைத் தின்னர் கலந்து இளக்கமாகவும், பின் வந்தவற்றைக் கெட்டியாகவும் பூசினோம். பளபளப்பு இல்லாத வார்னிஷில் ஒளியை மங்கச் செய்யும் நுண்தூள் கலந்திருக்கும். பளபளப்பு வார்னிஷில் அது இல்லை. ஆதலால் அடியில் உள்ள ஒவ்வொரு ரேகையையும் அது காட்டும். மறைப்பது அதன் இயல்பன்று. மறைத்தவர் நாமே.

விசைப்பொறியைப் பொருத்தி, பட்டைகளை மாட்டி, கயிற்றால் விசையை இழுத்து, தொலைவில் நின்று பலமுறை சோதித்த பிறகே ஒப்படைத்தோம். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவவும், வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தவும், கீறல் விழுந்தால் உடனே தேய்த்து ஒரு பூச்சு இடவும், ஆண்டுக்கொரு முறை முழுவதும் இலேசாகத் தேய்த்து இரண்டு பூச்சு புதுப்பிக்கவும் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட தந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். அவர் அவ்வாறு தடவிப் பார்த்ததில் நமக்கு வருத்தமில்லை. அது அவருடைய உரிமை. அதை அவருக்குக் கற்றுக் கொடுத்ததும் நாமே.

பழைய கட்டையில் ஒரு சாண் நீளத்தை அறுத்து மத்ரஸாவின் மேசையில் வைத்திருக்கிறோம். அதன் ஒரு பக்கத்தில் வார்னிஷைச் சுரண்டாமல் விட்டோம்; இன்றும் முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது. மறுபக்கம் அந்தப் பிளவு. தானியக் குவியல் பாடம் வரும்போது அதை மாணவர்களின் கைகளில் கொடுக்கிறோம். யார் செய்தது என்று கேட்கிறார்கள். நாம் செய்தது என்கிறோம். சற்று நேரம் வகுப்பு அமைதியாகிறது. பிறகு ஒவ்வொருவராகப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்து, அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் வேலையைப் போலவே தெரியாத வேலையையும் செம்மையாகச் செய்யும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கும் உங்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.